செத்தும் சாகாத விலங்குகள்: காட்சிப் போலிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒக்ரோபர் மாத இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் நகரங்கள் பலவற்றிலே 'பேய்வீடு' எனப்படும் களியாட்டக் காட்சிகள் நடைபெறுவது வழக்கம். கட்டணஞ் செலுத்தி உள்ளே செல்பவர் இருண்ட நடைவழியொன்றிலே சுவரைத் தடவியபடி நடப்பர். திருப்பமொன்றில், மங்கிய வெளிச்சத்திலே, ஒரு நாய் நிற்கும். அதன் தோல் விலாவெலும்பிலிருந்து கழன்று தொங்கும்; ஒரு கண் குழிந்து கிடக்கும்; உதடு சுருங்கியமையாற் பல்வரிசை முழுவதும் வெளித்தெரியும். இறந்து பல நாட்களான உடலொன்று மீண்டும் எழுந்து நிற்பதாகவே அது தோன்றும். மறைவிலுள்ள பொறி அதன் தலையைத் திடீரென முன்னே தள்ளும். பார்ப்பவர் அலறுவர், மறுகணம் தம்மைத் தாமே நோக்கிச் சிரிப்பர்.

அது நாயன்று, இறப்பரும் நுரையும் கம்பியுமே என்பது அவர் அறியாததன்று. அறிந்தே அலறுகின்றனர்; அறிந்தமையாலேயே சிரிக்கவும் செய்கின்றனர். இவ்வலறலும் சிரிப்பும் ஒருங்கே நிகழ்வது இன்று நமக்கு இயல்பானதாகத் தோன்றலாம். ஆயின், இந்நிலையை அடைவதற்கு நீண்டதொரு வரலாறு தேவைப்பட்டது. இறந்த விலங்குகளைக் கொண்டோ, அவற்றைப் போலவோ காட்சிப்பொருள் செய்யும் கைவினை ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும் பல நூற்றாண்டுகள் வழங்கிவந்தது. அக்காலத்தின் பெரும்பகுதியிற் பார்த்தவன் சிரிக்கவில்லை, நம்பினான், நம்பியதற்காகப் பணமுஞ் செலுத்தினான். கைவினையின் நுட்பங்களைக் காட்டிலும், செய்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையிலான உறவே இவ்வரலாற்றில் அடிப்படையான மாற்றத்துக்கு உள்ளாயிற்று என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹம்பேர்க் நகரத்து ஏழுதலை நாகம்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியச் செல்வர் பலர் அரும்பொருட் சேகரிப்பில் ஈடுபட்டிருந்தனர். கடல்கடந்த வணிகமும் குடியேற்ற ஆட்சியும் விரிந்தமையால், முன்பு காணாத சங்குகள், பறவைகள், ஊர்வனவற்றின் உடல்கள் முதலியன துறைமுக நகரங்களில் வந்து குவிந்தன. எது இயற்கை, எது இயற்கைக்கு மாறானது என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல் அப்போது உறுதிப்பட்டிருக்கவில்லை. காண்டாமிருகம் உண்மையாயின், பல தலைகளையுடைய நாகம் மட்டும் ஏன் பொய்யாக வேண்டும் என எண்ணுவதற்கு இடமிருந்தது.

ஹம்பேர்க் நகரில் அத்தகைய நாகமொன்று இருந்தது. ஏழு தலைகளும் இரண்டு கால்களும் உடைய அவ்வுருவம் அந்நகர முதல்வரின் உடைமையாயிருந்தது. மிகப் பெரிய விலைக்கு அதனை விற்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அம்ஸ்ரர்டாம் நகரில் வாழ்ந்த புகழ்பெற்ற சேகரிப்பாளர் அல்பேர்ட்டுஸ் சேபா, 1734 ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய தமது பெரும் படத்தொகுதியில் அதன் சித்திரத்தைச் சேர்த்திருந்தார். அச்சிற் பதிந்த சித்திரம் அதற்கு ஒரு சான்றிதழ் போல் அமைந்தது.

மறு ஆண்டு, மருத்துவப் பட்டம் பெறும்பொருட்டு ஒல்லாந்து நோக்கிப் பயணஞ்செய்த சுவீடன் நாட்டு இளைஞர் ஒருவர் ஹம்பேர்க்கிலே தங்கினார். அவரே பின்னாளில் உயிரினப் பாகுபாட்டின் தந்தையெனப் போற்றப்பட்ட கார்ல் லின்னேயஸ். நாகத்தை அருகிருந்து நோக்கிய அவர், அதன் தாடைகளும் பாதங்களும் மரநாய் போன்ற சிறு ஊனுண்ணி விலங்கினுடையவை என்பதையும், உடல் முழுவதும் பாம்புத்தோல் ஒட்டப்பட்டுள்ளது என்பதையும் கண்டுகொண்டார். கிறித்தவ வேதத்தின் இறுதி நூலிற் கூறப்படும் ஏழுதலை மிருகத்தைக் காட்டி மக்களை அச்சுறுத்துவதற்காகத் துறவிகள் இதனைச் செய்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். உண்மை வெளிப்பட்டதும் நாகத்தின் விலை வீழ்ந்தது. உடைமையாளரின் சினத்துக்கு அஞ்சி லின்னேயஸ் விரைவில் நகரை விட்டகன்றார் எனக் கூறப்படுகின்றது. அதே 1735 ஆம் ஆண்டு வெளியான தமது 'இயற்கை ஒழுங்கு' என்னும் நூலில், நம்பத்தகாத உயிரினங்களுக்கென ஒரு தனிப் பகுதியை வகுத்து அதில் இந்நாகத்தையும் அவர் சேர்த்தார்.

இச்சம்பவத்தில் இரு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, நாகத்தைச் செய்தவன் அறிவற்றவனல்லன். எந்த விலங்கின் தாடை பாம்பின் தலைக்குப் பொருந்தும், எந்தத் தோல் வளைவில் மடிப்பின்றி ஒட்டும் என்பனவற்றை அவன் நன்கறிந்திருந்தான். இரண்டாவது, அவனைக் கண்டுபிடித்தவரும் அதே அறிவைக் கொண்டே கண்டுபிடித்தார். பற்களையும் பாதங்களையும் ஒப்பிட்டு நோக்கும் பழக்கம் இருவருக்கும் பொதுவானது. போலியை ஆக்குவதற்கும் அதனைத் தகர்ப்பதற்கும் உதவிய உடற்கூற்றறிவு ஒன்றே.

மன்னாரிலிருந்து நியூயோர்க் வரை

கடற்கன்னி பற்றிய நம்பிக்கையின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய எமேர்சன் ரெனன்ற், இந்நாட்டின் விலங்குகள் பற்றித் தாம் எழுதிய நூலிலே ஒரு பழைய செய்தியைப் பதிவு செய்துள்ளார். 1560 ஆம் ஆண்டு, அதாவது போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய அதே ஆண்டில், மன்னார்க் கடலிற் பிடிபட்ட ஏழு கடல்மாந்தர் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்றும், அரசப் பிரதிநிதியின் மருத்துவர் அவற்றை அறுத்துச் சோதித்து உள்ளுறுப்புகள் மனிதருடையவற்றை ஒத்தனவாகக் கண்டார் என்றும் அச்செய்தி கூறுகின்றது. அவை நம் மீனவர் ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் அறிந்த விலங்கே என்பது ரெனன்றின் விளக்கம். மார்பில் இரு முலைகளும், நீருக்கு மேல் எழும் உருண்ட தலையுமுடைய அவ்விலங்கைத் தொலைவிலிருந்து கண்டவர் மனித உருவமாகக் கருதியதில் வியப்பில்லை. இங்கே எவரும் போலி செய்யவில்லை. கண் தானே ஏமாந்தது. ஆயின் இத்தகைய செய்திகள் வளர்த்த எதிர்பார்ப்புக்கு உருக்கொடுக்கப் பின்னர் கைவினைஞர் முன்வந்தனர்.

யப்பானிலே, குரங்கு போன்ற மேலுடலும் மீனின் கீழுடலுங் கொண்ட காய்ந்த உருவங்களைச் செய்து களியாட்டக் கூடங்களிற் காட்டும் வழக்கம் இருந்தது. அத்தகைய உருவமொன்றை 1822 ஆம் ஆண்டு பத்தேவியாவில் ஒல்லாந்த வணிகரிடமிருந்து வாங்கினார் சாமுவேல் பாரற் ஈட்ஸ் என்னும் அமெரிக்கக் கப்பற்றலைவர். விலை ஏறத்தாழ 6,000 டொலர். அத்தொகைக்காகத் தாம் செலுத்திவந்த கப்பலையே அவர் விற்றுவிட்டார். அக்கப்பலில் அவருக்கிருந்த உரிமை எட்டில் ஒரு பங்கு மாத்திரமே. இலண்டனில் அதனைக் காட்சிக்கு வைத்தபோது தொடக்கத்திற் பெருங்கூட்டம் கூடியது. ஆயின் அறுவை மருத்துவர் கல்லூரியின் நூதனசாலையைப் பராமரித்துவந்த வில்லியம் கிளிவ்ற் அதனைச் சோதித்து, குரங்கினத்தின் மண்டையோட்டையும் பற்களையும் மீனுடலோடு பொருத்திச் செய்த பொருள் அது என்றார். செய்தி பரவியதும் கூட்டம் குறைந்தது. கப்பலின் பெரும்பங்குக்கு உரியவர் வழக்குத் தொடுத்தார். ஈட்ஸ் தமது கடனைத் தீர்ப்பதற்கெனப் பல ஆண்டுகள் அவருக்காகக் கடலோட வேண்டியதாயிற்று. இறக்கும்போது மகனுக்கு விட்டுச்சென்ற சொத்து அக்கடற்கன்னி ஒன்றே.

மகனிடமிருந்து அதனை வாங்கியவர் பொஸ்ரன் நகரத்து நூதனசாலை உரிமையாளர் மோசஸ் கிம்பல். அவரிடமிருந்து அதனை வாடகைக்குப் பெற்றவரே நியூயோர்க்கின் பி. ரி. பார்ணம். 1842 ஆம் ஆண்டு அவர் இதனைக் கையாண்ட விதம் வணிக விளம்பர வரலாற்றில் ஒரு திருப்புமுனை எனலாம். தம்முடைய கையாள் ஒருவரை இலண்டன் கழகமொன்றைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளராக வேடம் புனையச் செய்தார். அழகிய கடற்கன்னியரின் சித்திரங்களைப் பத்திரிகைகளுக்கு வழங்கினார். உள்ளே வந்தவர் கண்டதோ, வாய் பிளந்து, கைகளை முகத்தருகே உயர்த்தி, மரணவேதனையில் உறைந்துபோனது போன்ற கறுத்துக் காய்ந்த சிற்றுருவம் ஒன்றை. ஏமாந்தவர் கோபித்துக்கொண்டு திரும்பவில்லை. பிறரையும் பார்த்து வருமாறு தூண்டினர். கடற்கன்னி வருமுன் நான்கு வாரங்களில் 1,272 டொலராக இருந்த தமது நூதனசாலையின் வருமானம், அது வந்தபின் முதல் நான்கு வாரங்களில் 3,341 டொலராக உயர்ந்ததெனப் பார்ணம் தமது வாழ்க்கை வரலாற்றிலே பெருமையோடு எழுதியுள்ளார்.

ஈட்ஸும் பார்ணமும் ஒரே பொருளையே வைத்திருந்தனர். ஒருவர் அதனை நம்பி வாழ்விழந்தார். மற்றவர் நம்பாமலே பொருளீட்டினார். மெய்யா பொய்யா என்ற ஐயத்தையே பார்ணம் விற்பனைப் பண்டமாக்கினார். இருவர் வரலாறும் எழுதப்பட்டுள்ளது. அவ்வுருவைச் செய்த கைவினைஞனின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை. உழைப்பு மறைந்து பண்டம் மட்டும் பெயர்பெறும் வணிக உலகின் இயல்பு இங்கும் தெளிவாகின்றது.

அக்கைவினைஞரின் திறன் பற்றி இந்நூற்றாண்டில் ஒரு புதிய செய்தி வெளிவந்தது. இலண்டன் ஹோர்னிமன் நூதனசாலையிலுள்ள இவ்வகை உருவமொன்று ஊடுகதிர் முதலிய முறைகளால் ஆராயப்பட்டது. குரங்கும் மீனும் இணைந்தது என நெடுங்காலம் கருதப்பட்ட அவ்வுருவிற் குரங்கின் எலும்பு எதுவுமே காணப்படவில்லை. மரத்துண்டு, கம்பி, களிமண், காகிதக்கூழ், மீனின் தோலும் தாடையும் ஆகியவையே அதன் உள்ளடக்கம். போலியைப் போலி என்று அறிந்தவரும் அதன் பொருட்களைப் பற்றி ஏமாந்தே இருந்தனர். பழைய கைவினைஞனின் இம்மூலப்பொருட்களை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். இவை மீண்டும் வரவிருக்கின்றன.

பாடஞ்செய்தலும் ஜம்போவின் இரண்டாவது வாழ்க்கையும்

இதே காலத்தில் இறந்த விலங்கின் உருவைப் பேணும் மற்றொரு கலை அறிவியலின் துணையாக வளர்ந்தது. விலங்குகளைப் பாடஞ்செய்யும் தொழிலுக்கு நெடுங்காலம் பகையாயிருந்தவை பூச்சிகள். பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சின் மெற்ஸ் நகரத்து மருந்தாளர் பெக்கேர் கண்ட நச்சுப் பாசாணச் சவர்க்காரம் தோலைப் பூச்சியிடமிருந்து காத்தது. ஆயினும் உருவம் செம்மையாக அமையவில்லை. தோலைத் தைத்து வைக்கோலைத் திணித்தமையால், சிங்கம் தலையணை போலவும் மான் மூட்டை போலவும் காட்சியளித்தன. 1851 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியிலே, ஸ்ருட்கார்ட் நகரைச் சேர்ந்த ஹேர்மன் புளூக்கே மனிதரைப் போல நடிக்கும் பாடஞ்செய்த விலங்குகளைக் காட்டிப் பெரும்புகழ் பெற்றார். உயிர்ப்பு, தோலில் அன்று, நிலையிலும் அசைவின் சாயலிலுமே உள்ளது என்பதை அக்காட்சி பலருக்கும் உணர்த்தியது.

இக்கலையும் காட்சி வணிகமும் சந்தித்த இடம் ஜம்போ என்னும் யானையின் உடலாகும். பார்ணத்துக்கும் யானைகளுக்குமான தொடர்பு இலங்கையிலே தொடங்கியது. 1850 ஆம் ஆண்டு அவர் அனுப்பிய கப்பலொன்று இங்கிருந்து கொண்டுசென்ற யானைகள் மறு ஆண்டு நியூயோர்க் வீதிகளிற் காட்சி தந்தன. ஜம்போ ஆபிரிக்க யானை. 1882 ஆம் ஆண்டு பிரித்தானிய மக்களின் எதிர்ப்பையும் மீறி இலண்டன் விலங்ககத்திடமிருந்து பார்ணம் அதனை விலைக்கு வாங்கினார். 1885 செப்ரெம்பர் 15 ஆம் நாள் கனடாவின் சென். தோமஸ் என்னுமிடத்திற் புகையிரதம் மோதி அது இறந்தது.

இறப்பு அதன் தொழிலுக்கு முடிவாகவில்லை. றொச்செஸ்ரர் நகரத்து வார்ட் என்பாரின் நிறுவனம் அதன் தோலையும் எலும்புக்கூட்டையும் தனித்தனியே நிறுத்தியது. முன்பு ஒன்றாயிருந்த ஜம்போ இரண்டாகிச் சர்க்கஸ் குழுவோடு ஊரூராகச் சென்றது. இலண்டனிலிருந்து தருவிக்கப்பட்ட அலிஸ் என்னும் பெண் யானை அதன் 'கைம்பெண்' என விளம்பரப்படுத்தப்பட்டு, பாடஞ்செய்த உடலருகே நிறுத்தப்பட்டது. உயிரோடிருந்தபோது மூன்றரை ஆண்டுகளே பார்ணத்துக்கு உழைத்த விலங்கு, இறந்த பின்னும் உழைக்க நேர்ந்தது. பிற்காலத்திலே தோலுரு ரவ்ற்ஸ் கல்லூரிக்கும் எலும்புக்கூடு நியூயோர்க் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலைக்கும் சென்றன. 1975 ஏப்ரலில் ஏற்பட்ட தீயிற் கல்லூரியிலிருந்த தோலுரு எரிந்தது. அதன் சாம்பல் எனக் கருதி அள்ளப்பட்டது, நிலக்கடலை வெண்ணெய் அடைத்திருந்த ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டுவைக்கப்பட்டது.

ஜம்போவைப் பாடஞ்செய்தவர்களுள் ஒருவர் கார்ல் ஏக்லி என்னும் இளைஞர். அவரே பின்னர் இக்கலையை அடியோடு மாற்றியமைத்தார். முதலில் எலும்பையும் மரத்தையும் இரும்பையும் கொண்டு சட்டகத்தை நிறுத்துதல். அதன் மீது களிமண்ணால் ஒவ்வொரு தசையையும் நரம்பின் புடைப்பையும் வடித்தல். அக்களிமண் உருவிலிருந்து சாந்தினால் அச்செடுத்தல். அச்சினுள்ளே கம்பிவலையும் காகிதக்கூழும் இட்டு உள்ளீடற்ற மெல்லிய உருவம் வார்த்தல். அதன் மேல் தோலைப் போர்த்தல் என்பன அவரது முறையின் படிகளாகும். 1926 ஆம் ஆண்டு அவர் இறந்தார். அவர் திட்டமிட்ட ஆபிரிக்க விலங்கு மண்டபம் 1936 ஆம் ஆண்டு நியூயோர்க் நூதனசாலையிலே திறக்கப்பட்டது. அங்கு நிற்கும் யானைகளைக் காண்பவர் ஏமாற்றப்படுவதில்லை. அவை இறந்தவை என்பது எல்லோருக்குந் தெரியும். அறிவித்தற் பலகை இனத்தையும் வாழிடத்தையும் கூறுகின்றது. போலிக்குரிய நுட்பம் முழுவதும் இங்கே உண்மைக்குத் தொண்டு செய்கின்றது.

அறிந்தே அஞ்சுதல்

அச்சத்தைப் பொறுத்தவரையில் இத்தகைய மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறியக் காலத்தாற் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1798 முதல், லியேஜ் நகரத்தவரான றொபேட்சன் பாரிசிலே 'பன்ராஸ்மகோறியா' என்னும் ஆவிக்காட்சியை நடத்தினார். கைவிடப்பட்ட துறவிமடம் ஒன்றில், திரைக்குப் பின்னால் சக்கரங்களின் மேல் நகரும் ஒளிவிளக்கைக் கொண்டு பேயுருவங்களைச் சிறிதாகவும் பெரிதாகவும் காட்டினார். கண்ணெதிரே அவை பாய்ந்து வருவன போலத் தோன்றின. இவை ஆவிகளல்ல, ஒளியியலின் விளைவுகளே என்று அவர் தம் பார்வையாளருக்கு எடுத்துரைத்தார். உண்மையைக் கூறிய பின்னும் மக்கள் நடுங்கினர். நம்பிக்கை இல்லாதவிடத்தும் அச்சம் இருக்கமுடியும் என்பதும், அவ்வச்சத்துக்கு மக்கள் விரும்பிக் கட்டணஞ் செலுத்துவர் என்பதும் அங்கே புலனாயின. ஹம்பேர்க் நாகத்துக்கும் இன்றைய பேய்வீட்டு நாய்க்கும் இடையே உள்ள பாலம் இதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வகைக் களியாட்டம் கட்டடவடிவம் பெற்றது. இங்கிலாந்தின் ஓட்டன் - ஸ்பூனர் நிறுவனம் 1915 ஆம் ஆண்டு அமைத்த பேய்வீடு ஹொலிகோம் என்னுமிடத்திலே பேணப்பட்டு வருகின்றது. 1969 ஓகஸ்ட் 9 ஆம் நாள் கலிபோர்னியாவின் டிஸ்னிலான்டிலே 'பேய்மாளிகை' திறக்கப்பட்டது. அதன் இடுகாட்டுக் காட்சியில் விளக்கேந்திய காவலனருகே எலும்புந்தோலுமாய் நடுங்கும் நாயொன்று நிற்கின்றது. 1970களிலே அமெரிக்க இளைஞர் சங்கங்கள் அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காக ஊர்தோறும் பேய்வீடுகளை நடத்தத் தொடங்கின. இதனால் உருவங்கள் செய்யும் கலை தொழிற்கூடங்களை விட்டுச் சாதாரண இல்லங்களின் பின்கட்டுக்கும் பரவியது.

இவ்விடத்து இலக்கியத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். 1901, 1902 ஆம் ஆண்டுகளிலே தொடர்கதையாக வெளிவந்த கொனன் டொயிலின் பாஸ்கர்வில் வேட்டைநாய் பற்றிய நாவலில், வாயிலே தீ ஒளிரும் பேய்நாய் ஒன்று வருகின்றது. துப்பறிவாளர் ஷேர்லொக் ஹோம்ஸ் இறுதியிற் கண்டறிவது, அது பொசுபரசுக் கலவை பூசப்பட்ட சாதாரண நாய் என்பதையே. அதனைச் செய்தவன் சொத்துக்காகக் கொலை செய்யத் துணிந்தவன். உண்மையில் வெண்பொசுபரசு கொடிய நஞ்சாதலால் அவ்வாறு பூசப்பட்ட நாய் உயிர்தப்புவது அரிது. கதாசிரியர் ஒரு பேய்வீட்டு உருவத்தையே படைத்துள்ளார். ஆயின் அதனைக் காண்பவனுக்கு அது காட்சியென்று சொல்லப்படவில்லை. ஒரே உருவம், சொல்லப்படாதபோது குற்றக்கருவியாகவும், சொல்லப்பட்டபோது விளையாட்டாகவும் ஆகிவிடுகின்றது.

இன்று இறவா விலங்கொன்று எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை நோக்கினால் பழைய கைவினைஞர் அனைவரும் அதில் ஒன்றுகூடுவதைக் காணலாம். மரச்சட்டத்தாலோ பீ.வி.சி. குழாயாலோ முதுகெலும்பும் கால்களும் நிறுத்தப்படும். கம்பிவலை உடலின் பருமனைத் தரும். காகிதக்கூழோ விரிந்து இறுகும் நுரையோ தசையாகும். மண்டையோடு உண்மையானதாக இருக்கவேண்டியதில்லை. அச்சில் வார்த்த பிரதியே போதும். விலாவின் மீது மெல்லிய பிளாஸ்ரிக் தாளை விரித்துச் சூடான காற்றை ஊதினால், தாள் சுருங்கி எலும்போடு ஒட்டி ஆங்காங்கே கிழியும். மரத்துக்குப் பூசும் கபிலநிறச் சாயத்தை அதன்மேற் தடவித் துடைத்தால், பள்ளங்களிற் சாயம் தங்கி, காய்ந்த தோலின் தோற்றம் உண்டாகும். நம் நாட்டவர் நன்கறிந்த இறப்பர்ப் பாலைப் பஞ்சோடு சேர்த்துப் பூசினால் கழன்று தொங்கும் சதை கிடைக்கும். ஹோர்னிமன் கடற்கன்னியின் கம்பியும் காகிதக்கூழும், ஏக்லியின் சட்டகமும் வலையும் இங்கே மீண்டும் வருகின்றன. இறந்த விலங்கின் உறுப்பு மட்டும் தேவையற்றதாயிற்று.

பொருட்களை விட முக்கியமானது அறிவு. நாயின் முன்காற் முழங்கை எங்கே மடியும், தோள்பட்டை நடக்கும்போது எவ்வளவு உயரும், அழுகல் முதலில் எவ்வுறுப்பைத் தாக்கும் என்பவற்றை அறியாதவன் செய்யும் உருவம் நகைப்புக்கே இடமாகும். உயிருள்ள நாயை உன்னிப்பாக நோக்கியவனே செத்த நாயைச் செய்யமுடியும். அச்சம் அதன் அழுகலிலிருந்து மட்டும் பிறப்பதன்று. அழுகிய உடலிலே உயிருள்ள நாயின் நிலையைக் காண்பதிலிருந்தும் பிறக்கின்றது.

மெய்ம்மையின் விலை

போலி மெய்யைப் போல் ஆக ஆக, மெய்யைப் பிரித்தறிவது கடினமாகின்றது. இதற்கு இரு சம்பவங்கள் சான்று பகரும். 1976 டிசெம்பரில், கலிபோர்னியாவின் லோங் பீச் களியாட்டப் பூங்காவிலே தொலைக்காட்சிப் படப்பிடிப்பு ஒன்று நடைபெற்றது. பேய்க்காட்சியொன்றில் ஒளிவண்ணம் பூசப்பட்டுத் தொங்கிய மெழுகுப் பொம்மையை ஒருவர் அகற்ற முயன்றபோது, அதன் கை முறிந்து உள்ளே மனித எலும்பு தெரிந்தது. அது 1911 ஆம் ஆண்டு ஒக்லஹோமாவிற் சுட்டுக் கொல்லப்பட்ட எல்மர் மக்கேர்டி என்னும் கொள்ளையனின் உடல். உரியவர் எவரும் முன்வராமையாற் பாடஞ்செய்யப்பட்டுக் காட்சிப்பொருளாகிக் கைமாறிக் கைமாறி, அது மனித உடல் என்பதே மறக்கப்பட்டிருந்தது. 1977 ஆம் ஆண்டு அது அடக்கஞ் செய்யப்பட்டது. ஹம்பேர்க்கிலே பொய் மெய்யென நம்பப்பட்டது. இங்கே மெய் பொய்யென நம்பப்பட்டது. ஏமாற்றம் இருவழியும் செல்லக்கூடியது.

இரண்டாவது சம்பவம் மேலுந் துயரமானது. 1984 மே 11 ஆம் நாள் மாலை, நியூ யேர்சி மாநிலத்தின் கிரேட் அட்வெஞ்சர் பூங்காவிலிருந்த 'பேய்க்கோட்டை' தீப்பற்றியது. பாரவூர்திப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து அமைத்த இருண்ட நடைவழி அது. உள்ளே எளிதிற் பற்றும் நுரையும் அலங்காரப் பொருட்களும் இருந்தன. தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இருக்கவில்லை. பதின்ம வயதினர் எண்மர் வெளியேற வழியறியாது உள்ளேயே மாண்டனர். நிறுவனத்தார் மீது தொடரப்பட்ட வழக்கு 1985 ஆம் ஆண்டு அவர்கள் குற்றவாளிகளல்லர் என்ற தீர்ப்போடு முடிந்தது. ஆயினும் இதன் பின்னர் இத்தகைய களியாட்டக் கட்டடங்களுக்கு நீர்தெளி அமைப்பு, புகை உணர்கருவி, தெளிவான வெளியேறும் வழி என்பவற்றைக் கட்டாயமாக்கும் தீத்தடுப்பு விதிகள் அமெரிக்காவிலே இறுக்கமடைந்தன.

இந்நிகழ்வை வெறும் விபத்தாகக் கொண்டு கடந்து செல்லுதல் தகாது. ஒவ்வோர் அலறலும் விளையாட்டின் பகுதியாக இருக்கும் இடத்தில், மெய்யான அலறலுக்கு அடையாளம் இல்லை. இருளும் புகையும் வழி தெரியாமையும் காட்சியின் சுவைக்காக அமைக்கப்பட்டவை. தீயின்போது அவையே யமனாகின்றன. உருவத்துக்கு உயிர்ப்பைத் தரும் நுரையே எரிந்து நச்சுப்புகையைக் கக்குகின்றது. பார்ப்பவன் தன் அறிவைச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்து, செய்பவனை நம்பி உள்ளே வருகின்றான். பழைய பார்வையாளன் நாகத்தை நம்பினான். இன்றைய பார்வையாளன் நாகத்தைச் செய்தவனை நம்புகின்றான். இவ்விரண்டாவது நம்பிக்கையே கனமானது.

முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இறந்தும் இறவாத விலங்கைச் செய்யுங் கலை மூன்று பணிகளுக்குப் பயன்பட்டமை தெளிவாகும். ஹம்பேர்க்கிலும் பார்ணத்தின் கூடத்திலும் அது ஏமாற்றுக்கு உதவியது. ஏக்லியின் மண்டபத்திலே அறிவுக்கு உதவியது. பேய்வீட்டிலே விளையாட்டுக்கு உதவுகின்றது. மூன்றிலும் கையின் நுட்பமும் உடற்கூற்றறிவும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு, காண்பவனுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதிலேயே தங்கியுள்ளது. ஆகவே இத்தகைய பொருளொன்றை ஆராயும் வரலாற்று மாணவன், அது மெய்யா பொய்யா என வினவுவதோடு நின்றுவிடலாகாது. எவர் செய்தார், எவருக்காகச் செய்தார், காண்பவரிடம் என்ன கூறினார், இலாபம் எவரைச் சென்றடைந்தது, இழப்பை எவர் தாங்கினார் என்பனவும் வினவப்படவேண்டும். ஈட்ஸின் கடனும், அலிஸின் கைம்மைக் கோலமும், எட்டு இளைஞரின் இறப்பும் இவ்வினாக்களை எழுப்பாத வரலாற்றில் இடம்பெறமாட்டா.

அச்சத்தை விளையாட்டாக்கிக்கொண்டமை மனிதன் பெற்ற ஒரு விடுதலை. துறவிகள் நாகத்தைக் காட்டி அச்சுறுத்திய காலத்திலே மக்கள் அதற்கு அடிமையாயிருந்தனர்; இன்று அவர் தாமே அதனைத் தேடிச்சென்று, அலறி, சிரித்து, வீடு திரும்புகின்றனர். அவர் வீடு திரும்புவதும் அவ்விளையாட்டின் ஒரு பகுதியே. உருவத்தை மெய்போலச் செய்யத் தெரிந்தவன், அதே அக்கறையோடு வெளியேறும் கதவையும் செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யும்போதுதான் அவனது தொழில் ஏமாற்றிலிருந்து வேறுபட்டுக் கலையென்னும் பெயருக்கு உரியதாகின்றது.